கிள்ளைக்குப் போன ஆரஞ்சுக் கையுறைகள்

ஜனவரிக் கடைசியில் எனக்கு மூன்று வார விடுப்பு கிடைத்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழையையும் ஆடுகளையும் விட்டால் பேச அதிகம் ஒன்றுமில்லாத ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. சொந்த ஊர் திருச்சி. விடுப்பு என்றால் அம்மா வீட்டில் தின்பதும் தூங்குவதும்தான். இந்த முறை அதில் மூன்று நாளைப் பிடுங்கிக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒதுக்கினேன். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எல்லாம் எங்கள் சங்கத்துக்காக. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மொத்தம் ஒன்பது பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊர் நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். கேக் சுட்டு விற்போம், பழைய புத்தகங்களை விற்போம், மழையில் குடை பிடித்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் நடந்து காண்பித்து நன்கொடை கேட்போம். சேர்வதைக் கொண்டு வருடத்துக்கு ஒரே ஒரு காரியம் செய்வோம். தலைவி மோரின், எழுபத்து நான்கு வயது, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சேர்ந்த பிறகு எங்கள் உதவி சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கிள்ளையை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்புக்குப் போகிறது. அங்குள்ள பெண்கள் சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடும் உப்புத் தண்ணீரில் இறங்கி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, வெறுங்கைதான்.

போன வருடக் காரியம் என்னுடைய யோசனை. கடலூரில் இருந்துகொண்டு எங்களுக்காக ஓடியாடுகிற அந்தோணி ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் ஒரு பெண் நண்டைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார், புறங்கையில் ஆழமான கீறல். ஒரு ஷிஃப்டில் நாற்பது ஜோடி கையுறை மாற்றுகிற ஆள் நான். கையில் காயத்தைக் கண்டால் எனக்கு வேறென்ன தோன்றும்? படத்தைச் சரிசெய்து போஸ்டராக்கி நூலகத்திலும் ஆஸ்பத்திரி கேன்டீனிலும் ஒட்டினேன். ‘இந்தக் கைகளைக் காப்போம்’ என்ற வாசகமும் என் கைங்கரியம்தான். இருநூறு ஜோடி ரப்பர் கையுறை, பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில், சென்னையில் வாங்கி அனுப்பினோம். கொஞ்ச நாளில், பெண்கள் வரிசையாக நின்று ஆரஞ்சுக் கைகளைத் தூக்கிக் காட்டும் படம் வந்தது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வருடமும் அதையே இன்னொரு இருநூறு ஜோடி அனுப்புவதாக முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மோரின் ஆர்டர் கொடுப்பார். அதற்குள் நான் நேரில் போய், கையுறையோடு வேலை செய்யும் பெண்களை நாலு நல்ல படம் எடுத்து அனுப்ப வேண்டும். எனக்கு இட்ட வேலை அவ்வளவுதான்.

சென்னையில் வந்திறங்கிய கையோடு, புதன்கிழமை காலை 6.40-க்குக் கிளாம்பாக்கத்தில் பாண்டிச்சேரி வழியாகக் கடலூர் போகும் பேருந்தைப் பிடித்தேன். டிக்கெட் 210 ரூபாய், சுமார் 180 கிலோமீட்டர். நாலரை மணி நேரம் என்றார்கள், ஐந்தேகால் ஆனது. இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் அங்கங்கே கடலும் உப்பளமும் தெரியும். எனக்குக் கிடைத்தது வலப்பக்கம், அதுவும் டயருக்கு மேல் இருக்கை. கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் கால் வைக்க இடமில்லை. வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனம் முடித்த கூட்டம் வெள்ளை வேட்டியும் துணிப்பையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தைப்பூசத்தை ஒட்டி இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே பேசி வையுங்கள். மஞ்சக்குப்பத்தில் மூன்று விடுதி ஏறி இறங்கி, நாலாவதில் 1,400 ரூபாய்க்கு அறை கிடைத்தது. ஃபேன் சுற்றும்போது ஒரு மாதிரி முனகும். மற்றபடி குறையில்லை.

அந்தோணிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஐம்பது வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை, காதில் எப்போதும் ஒரு பேனா. எங்கள் உதவியை எடுத்துப்போய்ச் சேர்ப்பதும் படம் எடுத்து அனுப்புவதும் அவர்தான். அதற்காகப் பத்து பைசா வாங்கியதில்லை. அவருடைய மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் சிலர் பல வருடங்களாக அந்தக் குடியிருப்புக்குப் போய்வருவதால் ஏற்பட்ட பழக்கம். நர்ஸ் என்பதால் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். ஃபோனில் மூன்று வருடமாகப் பேசுகிறோம், நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவருடைய டி.வி.எஸ்ஸில் சில்வர் பீச் போனோம். மாங்காய் பத்தை முப்பது ரூபாய். கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு நேரடியாகக் கேட்டேன், கையுறை எப்படி இருக்கிறது, தினமும் போடுகிறார்களா என்று.

“ரொம்ப சந்தோஷம் சிஸ்டர் அவுங்களுக்கு” என்றார். பிறகு எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் மறுபடி கேட்டேன். தரம் ரொம்ப நன்றாக இருக்கிறதென்றும் நிறம் எடுப்பாக இருக்கிறதென்றும் சொன்னார். போடுகிறார்களா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு, வார்டில் நோயாளிகளே என்னிடம் அலுத்துக்கொள்வார்கள். ஆனாலும் அன்று பயணக் களைப்பில் விட்டுவிட்டேன்.

வியாழன் காலை 7.15-க்கு இருவரும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். 45 கிலோமீட்டர், 45 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். இறங்கியவுடன் முதல் காரியமாக இட்லியும் கொத்சும். சிதம்பரத்துக் கொத்சு வேறு எங்கே சாப்பிட்டாலும் அது கத்தரிக்காய்க் குழம்புதான், இங்கேதான் கொத்சு. நாலு இட்லி, ஒரு காபி, 70 ரூபாய். கீழவீதியில் 1,100 ரூபாய்க்கு அறை எடுத்துப் பையைப் போட்டுவிட்டு, 9.40-க்கு கிள்ளை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தோணி காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார், நான் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். கிள்ளைக்கு முக்கால் மணி நேரம்.

கிள்ளையில் சாலையோரம் மீன் விற்கும் இடம் ஒன்று இருக்கிறது. நின்று பார்க்காமல் என்னால் வர முடியவில்லை. ஈரச் சாக்கின் மேல் உயிரோடு பச்சை நண்டுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிட அகலம். வழக்கமாக அதன் கொடுக்கைக் கயிற்றாலோ வாழை நாராலோ கட்டியிருப்பார்கள். இங்கே ஒவ்வொரு கொடுக்கிலும் அழகான ஆரஞ்சு நிற ரப்பர் வளையம். கச்சிதமாக இருக்கிறதே, இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன மூளை என்று வியந்து நாலைந்து படம் எடுத்தேன். எங்கே வாங்குவார்கள் என்று அந்தோணியைக் கேட்டேன். அவருக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை.

அங்கிருந்து குடியிருப்புக்கு இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ 60 ரூபாய். ஆட்டோ ஓட்டியவர் பெயர் செல்வம். வெளிநாட்டிலிருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கையொற அனுப்புனவுங்களா நீங்க?”

பெருமையாகத் தலையாட்டினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கினார். அந்தோணி வெளியே கருவேல மரங்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

குடியிருப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வீடுகள் இருக்கும். சில அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள், மற்றவை கீற்றும் தார்ப்பாயும். எங்களைப் பார்த்ததும் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குள் ஓடினார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லோரும் கையில் ஆரஞ்சுக் கையுறையோடு வரிசையாக வந்து நின்றார்கள். கைகளை மேலே தூக்கினார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஃபோனை எடுத்துக் கிட்டப் போனேன்.

கிட்டப் போனதும் சந்தேகம் வந்தது. ஒரு தடவையாவது போட்டுக் கழற்றிய கையுறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இவற்றில் பொட்டலத்தில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பவுடர்கூடக் கலையவில்லை.

நான் என்ன கேட்கப்போகிறேனோ என்று எல்லோரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அந்தோணி தரையைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி மட்டும் நேராக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அம்சா. என் வயதுதான், நாற்பத்திரண்டு நாற்பத்து மூன்று இருக்கும். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் போஸ்டரில் நண்டைப் பிடித்து நின்றவள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கோபத்தைவிடத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புத்தான் பெரிதாக இருந்தது. ஏன் போடுவதில்லை? கேட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் நானும் தண்ணீரில் இறங்குகிறேன் என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்சா உள்ளே போய் ஒரு பழைய முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்து, சுடிதாருக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னாள். எனக்கு மட்டும் புதுக் கையுறை ஒரு ஜோடி. மற்றவர்கள் தங்களுடையதைக் கழற்றி மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கும் என்றார்கள். பன்னிரண்டு பத்துக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள், அடியில் முழங்காலை இழுக்கும் சேறு. பனையோலையில் முடைந்த சின்னப் பை ஒன்றை, பறி என்கிறார்கள், ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் வேலையாக இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த இறாலை நேராக அதில் போட வேண்டியதுதான். பறியைக் கடித்தால் பேச முடியாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும்.

ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் குனிந்து, தாடை வரை தண்ணீரில் அமிழ்ந்து, மெல்ல நகர்ந்தோம். அம்சா முதலில் காலைச் சேற்றில் அழுத்துவாள். பிறகு அந்தக் கால் பதிந்த குழியை இரண்டு கையாலும் மூடுவாள். இறால் அந்தக் குழியில் வந்துதான் ஒண்டுமாம். நானும் அதே மாதிரி செய்தேன். சேறு, சேறு, மறுபடி சேறு. இருபது நிமிடத்தில் அம்சாவின் பறி பாதி நிறைந்துவிட்டது. என்னுடையதில் ஒரு சுள்ளி. அம்சா நிமிர்ந்தாள். பேசாமல் என் வலக்கையைப் பிடித்துக் கையுறையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்கையைச் சேற்றுக் குழிக்குள் வைத்து அழுத்தினாள்.

இரண்டு மூன்று குழி தாண்டியதும் விரல் நுனியில் ஒரு முடி மாதிரி ஏதோ உரசியது. இறாலின் மீசை. அவ்வளவு மெல்லியது. இத்தனை நேரமும் அது என் கையுறையில் உரசிக்கொண்டேதான் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த இறாலைப் பிடிக்கவில்லை. கத்தினேன், பறி வாயிலிருந்து விழுந்தது, இறால் ஓடிவிட்டது. மற்ற பெண்கள் பறியைக் கடித்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

இரண்டரை மணிக்குக் கரையேறினோம். பறியை வாயிலிருந்து எடுத்ததும் எல்லோருக்கும் பேச்சு வந்தது. அம்சா கரையில் உட்கார்ந்து காலிலிருந்து சாக்ஸைக் கழற்றினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற பழைய சாக்ஸ், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. மூன்றும் சேர்ந்தாற்போல் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன. இடது பாதத்தைப் பார்த்தேன். குதிகாலிலிருந்து சுண்டு விரல் வரை தழும்பு, ஒழுங்காக ஆறாமல் தடித்துப்போன தோல். சுண்டு விரலே கறுத்திருந்தது. பாதமும் வலப்பாதத்தைவிட வீங்கியிருந்தது. சிப்பி ஓடு, ரெண்டு வருடம் முன்னால் கிழித்தது என்றாள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இன்னொரு காயம் பட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், ஒருவேளை அதற்கு மேலும் போகலாம், தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார்களாம். இறங்காமல் வேறென்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

சேற்றுக்குள் முதலில் போவது கால். சிப்பி ஓட்டை முதலில் சந்திப்பது கால். கை போகும்போது கால் இடத்தைப் பார்த்துவைத்திருக்கும். இது தண்ணீரில் இறங்கிய பத்தாவது நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“கையில படுறதெல்லாம் ஒரு காயமா நர்சம்மா, நாலு நாள்ல ஆறிப்புடும்” என்றாள் அம்சா. “அந்தப் படத்துல காலும் இருந்திச்சே. நீங்க பாக்கலயா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தோணியைப் பார்த்தேன். மனிதர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அந்தப் படத்தை எடுத்ததே காலுக்காகத்தானாம். துணி சுற்றிய அந்தக் கால் தெரிய வேண்டும் என்று, அம்சாவை ஒரு கல்லின் மேல் நிற்கவைத்து எடுத்திருக்கிறார். நண்டு சும்மா, கையில் இருந்ததால் வந்தது.

“அப்ப கையுறை வந்தப்பவே சொல்லியிருக்கலாமே, அந்தோணி.”

“எப்படி சிஸ்டர் சொல்றது? அவ்ளோ தூரத்துலேர்ந்து அனுப்புறாங்க. வேணாம்னு சொன்னா மனசு விட்டுப்போயி, அடுத்த வருஷம் எதுவுமே வராம போயிட்டா?”

நான் அவரைத் திட்டவில்லை. கையுறைகள் என்ன ஆயின என்று மட்டும் கேட்டேன். அம்சா எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்தாள். உள்ளே நிறைய ஆரஞ்சு வளையங்கள். கையுறையின் விரல்களைக் குறுக்காக நறுக்கியது. நண்டுக் கொடுக்கில் மாட்டினால் கழலாது, கயிறு கட்டுகிற நேரமும் மிச்சம். கட்டும்போது கடி வாங்குவதும் குறைந்திருக்கிறது. ஆக, கைகளைக் காத்திருக்கின்றன ஒரு விதத்தில். “ஒரு கையொறையில இருவது நண்டு கட்டலாம்” என்றாள் அம்சா, எனக்கு ஆறுதல் சொல்கிறவள் மாதிரி. நான் கிள்ளையில் நின்று மூளையை வியந்து படம் எடுத்தது நாங்கள் அனுப்பிய கையுறையைத்தான்.

சிதம்பரம் திரும்பும்போது மணி ஐந்து. அறைக்குப் போய்க் காலைக்கூடக் கழுவாமல் ஃபோனில் அந்தப் பழைய படத்தைத் தேடினேன். போஸ்டர் இல்லை, அந்தோணி அனுப்பிய அசல். மேலே சிரிக்கும் முகம், நடுவில் நண்டு, புறங்கையில் கீறல். கீழே, படத்தின் கால்வாசிக்கு, கல்லின் மேல் ஒரு பாதம். சுற்றிய துணியில் ரத்தம் ஊறிக் காய்ந்திருக்கிறது. போஸ்டருக்கு நீளம் அதிகமாக இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும் என்று நானே அதை வெட்டியிருக்கிறேன். பதினெட்டு வருடம் நர்ஸ் உத்தியோகம். வார்டில் ஒரு நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். வெட்கமாக இருந்தது. அழவும் செய்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மோரினுக்கு எழுத வேண்டும். மறுநாள் ஆர்டர் போய்விட்டால் இந்த வருடத்துக் காரியம் அவ்வளவுதான், அம்சா அடுத்த ஜனவரி வரை கிழிந்த சாக்ஸோடு இறங்க வேண்டும். இது தெரிந்தும் அரை மணி நேரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தோணிக்கு வந்த அதே பயம்தான் எனக்கும். மழையில் நடந்து காசு சேர்த்தவர்கள். தங்கள் கையுறை நண்டுக்குப் போனதென்று தெரிந்தால் விட்டுவிடுவார்களோ? அதைவிட, கைதட்டு வாங்கியவள் நான். கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன், பவுடர் கலையாதது, வளையம், நான் படத்தை வெட்டியது எல்லாம். வெட்டாத படத்தைச் சேர்த்து, ஆறு மணிக்கு அனுப்பினேன். அங்கே அப்போது மதியம் பன்னிரண்டரை.

கோயிலுக்குப் போனேன். நடராஜரைக் கும்பிட்டுவிட்டு வெளிப் பிரகாரத்தைச் சுற்றி வந்தேன். மனம் ஃபோனிலேயே இருந்தது. ஆறு ஐம்பதுக்குக் கீழைக் கோபுரத்தைத் தாண்டி வெளியே வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. மோரின் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: செருப்பு என்ன அளவு?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெற்குவீதியில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். கணுக்காலுக்கு மேல் வரை வரும், கயிறு கட்டுகிற கேன்வாஸ் ஷூ, கெட்டியான அடி, ஜோடி 480 ரூபாய். அம்சாவின் இடது கால் வீங்கியிருப்பதால் அதற்கு ஏழாம் நம்பர், வலதுக்கு ஆறு வேண்டும். அப்படி உடைத்துத் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு ஜோடியாக வாங்கினேன். குடியிருப்பில் போய்க் கொடுத்ததும் அம்சா அடியைத் தட்டிப் பார்த்தாள், கயிற்றை இழுத்துப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள். மற்றப் பெண்கள் தங்கள் அளவைக் கொடுக்கத் தயாராக நின்றார்கள். காலி கையுறைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, அந்த அட்டையின் மேல் ஒவ்வொருவராக ஏறி நிற்க, அந்தோணி காதிலிருந்த பேனாவை எடுத்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தார்.

அம்சாதான் தடுத்தாள். “இப்பவே எல்லாருக்கும் வாங்கிடாதீங்க நர்சம்மா. ஒரு மாசம் நான் போட்டுப் பாக்குறேன். சரியில்லன்னா சொல்லுறேன்.”

“நிஜமாவே சொல்வீங்களா?” என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்லப்போய், அந்தோணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மோரினிடம் ஆர்டரை ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொன்னேன். கால் காயத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பது, என்ன தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அம்சாவுக்கும் அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. பிச்சாவரம் படகுத்துறை சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர், அதே வழி டவுன் பஸ்தான். துடுப்புப் படகு ஒரு மணி நேரத்துக்கு நானூற்றுச் சொச்சம் வாங்கினார்கள். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். படகிலிருந்து பார்க்கும்போது தண்ணீரில் வரிசையாகத் தலைகள் தெரிந்தால், வாயில் பறி இருக்கும், உங்கள் கையசைப்புக்குப் பதில் வராது. கோபித்துக்கொள்ள வேண்டாம். கடலூரில் அரை நாள் இருந்தால் திருவந்திபுரம் போகலாம், ஆறு கிலோமீட்டர்தான், ஷேர் ஆட்டோ உண்டு. நேரமில்லாமல் நான் அதைத் தவறவிட்டேன்.

குடியிருப்பின் பெயரை எழுதாததற்குக் காரணம், இதைப் படித்துவிட்டுப் பழைய துணி மூட்டையோடு யாரும் போய் இறங்கிவிடக் கூடாது என்பதுதான். என்னைப் போல் தூரத்தில் இருந்துகொண்டு ஏதாவது சின்ன அமைப்புக்கு உதவுகிறவர்களாக இருந்தால் ஒன்று சொல்வேன். நன்றிப் படம் வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு தடவை நேரில் போங்கள். போக முடியாவிட்டால், அனுப்பியதில் என்ன குறை என்று கேளுங்கள். குறை இல்லை என்று பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

நான் திரும்பி வந்து ஐந்தாவது வாரம், ஷிஃப்ட் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தோணியின் ஃபோனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அம்சா. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. மேல் பக்கமாகச் சேறு உள்ளே போகிறது, கயிறு உப்பில் இற்றுவிட்டது, தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டை இல்லாததால் கால் கனக்கிறது, நிறமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நிமிடம் நாற்பது நொடிக்கு முழுக்கக் குறைதான். கடைசியில் மட்டும், “கால்ல ஒன்னும் படல. ஆனா இத வாங்காதீங்க, வேற பாருங்க” என்றாள்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன், வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். மோரின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குறையையும் எழுதிக்கொண்டார். எங்கள் சங்கத்துக்கு வந்த முதல் புகார் அது. எழுதி முடித்துவிட்டு, நிறத்தைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை போடச் சொன்னார்.